மழை விட்ட பிறகுதான் பூச்சி

அடைமழை கொட்டும்போது நான் பூச்சியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மழை விட்டும் வானம் வெளுக்காமல், காற்றும் அசையாமல் மூன்று நான்கு நாள் மப்பாகவே கிடந்தால்தான் வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்ப்பேன். மன்னார்குடிப் பக்கம் சம்பா போடுகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை தப்பாது.

பலத்த மழை சில பூச்சிகளுக்கு ஆகாது. காய்ந்த நாற்றங்காலில் பெருகும் இலைப்பேனை ஒரு நல்ல மழை கழுவிவிடும். தூறலும் மந்தாரமுமாக இருந்தால் ஆனைக்கொம்பனுக்குக் கொண்டாட்டம். பெயர்தான் பெரிது, கொசுவளவு ஈ அது. முட்டையிலிருந்து வரும் புழு, நனைந்த இலையின் ஈரத்தில் ஊர்ந்துதான் குருத்துக்குள் போக முடியும். உள்ளே போய்விட்டால் அந்தத் தூரில் கதிர் வராது. வெங்காயத்தாள் மாதிரி ஒரு குழல்தான் நீளும்.

சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான் என்னைத் தூங்கவிடாதது. 25 முதல் 30 டிகிரி வெப்பம், தேங்கிய நீர், வெயில் புகாத நெருங்கிய பயிர் மூன்றும் சேர்ந்தால் தண்டின் அடியில் குடியேறிவிடும். மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். சாறு தாராளமாகக் கிடைக்கும்வரை குட்டை இறக்கையோடு அங்கேயே பெருகும். நெருக்கடி வந்தால் நீண்ட இறக்கையோடு பிறப்பவை வேறு வயலுக்குப் பறக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்த பிறகுதான் தெரியும்.

வானத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உரத்தை மழை அடித்துப்போய்விட்டது என்று, மழை விட்டதும் யூரியா மூட்டையைத் தூக்குகிறோம். கரும்பச்சையாகக் கொழுத்த பயிரில் புகையான் இன்னும் வேகமாகப் பெருகும். அவசரப்பட்டு மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானின் குளிரைப் புகையான் தாங்காது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் தென்சீனத்திலிருந்து மழைக்காலக் காற்றுதான் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறது. 1967இல் பசிபிக் கடலில் நின்ற வானிலைக் கப்பலில் இந்தப் பூச்சிக் கூட்டம் வந்து விழுந்ததும்தான் ஜப்பான் ஆய்வாளர்களுக்கு வழி புரிந்தது. நமக்கு அந்தக் குளிரும் இல்லை. வருடம் முழுக்க எங்காவது நெல் நிற்கிறது; புகையானும் இங்கேயே தங்கிவிடும்.

நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விடச் சொல்வது, காற்றும் வெயிலும் தூருக்குள் போகத்தான். இடம் வீண் என்று பலர் விடுவதில்லை. “என்ன மருந்துண்ணே வாங்கட்டும்?” என்று பக்கத்து வயல் தம்பி கேட்டால், “முதல்ல மடையத் திறந்து தண்ணிய வடிடா” என்பேன். வடிவாய்க்கால் தண்ணீரே வயலுக்கு மேல் நிற்கும் ஊர்களில் அதுவும் நடக்காது. அங்கே ஐப்பசிக்கு முன்னாலேயே வாய்க்காலிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டாக வேண்டும். புகையான் தடுப்புச் செலவில்தான் நான் அந்தக் கூலியையும் எழுதுகிறேன்.