மாமனார் கையில் வண்டிச் சாவி

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஒடுகத்தூருக்கு ஒருமுறை வந்து பாருங்கள். அன்றைக்குத்தான் ஆட்டுச் சந்தை. கீழ் நாட்டிலிருந்து வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். ஜவ்வாது மலை மேலிருந்து ஜனங்கள் ஆட்டோடும் குட்டியோடும் வந்து சேருவார்கள். எல்லாருக்கும் வாகனம் பெரும்பாலும் நம்ம டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு கிடா, பின்னால் புளி மூட்டையோ சாமை மூட்டையோ, அதற்கும் பின்னால் ஒண்டிக்கொண்டு வீட்டுக்காரம்மா. ஓட்டுகிறவரின் தலை பல சமயம் பஞ்சு போல வெளுத்திருக்கும். ஹெல்மெட் இருக்காது. இருந்தால் வெளுத்திருப்பது நமக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கூட்டத்தில் என் மாமனாரும் ஒருவர். வயது அறுபத்தேழு. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது இவர் இளவட்டம். கடன் வாங்கி ஒன்று வாங்கினாராம். அதற்கப்புறம் வண்டி மூன்று முறை மாறிவிட்டது, ஓட்டுகிறவர் மட்டும் மாறவில்லை. என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை, இருட்டின பிறகுதான் வருவார். ஆகவே நிலத்துக்கு, பாங்குக்கு, ரேஷனுக்கு, என் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட, எல்லாவற்றுக்கும் மாமாவும் அவர் வண்டியும்தான்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அணைக்கட்டிலிருந்து இரண்டு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். எதிரே ஒரு லாரியின் வெளிச்சம். ரோட்டில் வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடை. மாமாவுக்கு அது தெரியவே இல்லை. வண்டி எகிறி இறங்கியது, ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அத்தை பின்பக்கமாக விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, பின்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மாமாவுக்கு ஒன்றுமில்லை, அவர் விழவில்லை.

"ஒண்ணும் ஆகலைம்மா, தைலம் தடவிவிடு" என்றார் அத்தை. நான் கேட்கவில்லை, வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா?" என்பதுதான். ஆமாம், இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறார். உடனே ஸ்கேன். நல்லவேளை, உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும், "ஒரு மாசம் கண்ணிலே வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லியனுப்பினார்.

ஏன் ஒரு மாதம்? சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடைவெளி கூடி, அங்கே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலேயே அவை கசியலாம். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். விடாத தலைவலி, பகலெல்லாம் தூக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், சொன்னதையே திருப்பிச் சொல்வது, இவைதான் அறிகுறிகள். நாமோ, "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவோம். அடிபட்ட பெரியவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அத்தை தேறிவிட்டார். வீட்டில்தான் சண்டை ஆரம்பித்தது.

"சாவியை வாங்கி வச்சுடு" என்றார் என் வீட்டுக்காரர். பெங்களூரிலிருந்து நாத்தனாரும் போனில் அதையே சொன்னாள். வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். முதல் வாரம் பேப்பர் படித்தார், இரண்டாம் வாரம் அதுவும் இல்லை. நிலத்துக்குப் போகவில்லை, சந்தைக்குப் போகவில்லை, சிநேகிதர்கள் இல்லை. சாப்பாடு பாதியானது. "யாரையாவது கேட்டுத்தானே போகணும், எதுக்கு?" என்பார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அத்தையும் மாதாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். வண்டியால் வரும் ஆபத்தைத்தான் நாங்கள் கணக்குப் பார்த்தோம். வண்டி இல்லாமல் வரும் ஆபத்தை யாருமே கணக்குப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் நான் இதைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

முதலில் பயமுறுத்துகிற சங்கதி. 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்! நம் ஊர்ப்பக்கம் பின்னால் உட்காருகிறவர் யார்? நாம்தானே! நல்ல ஹெல்மெட் இருந்தால் தலையில் பலமாக அடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு 69 பங்கும், உயிர் போகும் வாய்ப்பு 42 பங்கும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். "கொண்டை இடிக்குது" என்ற அத்தையின் வாதம் அதற்குமுன் நிற்கவில்லை. கொண்டையைத் தாழ இறக்கிப் போட்டுக்கொள்கிறார்.

அமெரிக்காவில் 2001 முதல் 2008 வரை மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2013-இல் எழுதியிருந்தார்கள். இருபது, முப்பது வயதுக்காரர்களைவிட, அறுபதைத் தாண்டியவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வது மூன்று மடங்காம். பெரியவர்கள் முரட்டுத்தனமாக ஓட்டுகிறார்கள் என்பதில்லை. அதே குழியில் விழுந்தால் பையன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். பெரியவருக்கு மணிக்கட்டோ இடுப்போ முறியும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருப்பதால் இன்னும் சுலபமாக முறியும்.

சரி, சந்தோஷம் என்று ஒன்றும் இல்லையா? இருக்கிறதே! ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கவாஷிமா, பத்து வருஷமாக வண்டியைத் தொடாத நடுவயது ஆண்கள் 22 பேரில் ஒரு பாதிப் பேரை இரண்டு மாதம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகச் சொன்னார். அவர்களுடைய ஞாபக சக்தியும் சுறுசுறுப்பும் கூடி, மனச்சோர்வு குறைந்திருந்ததாம். 2009-இல் வெளிவந்த சேதி இது. அந்த ஆய்வில் யமஹா கம்பெனியும் கூட்டு, ஆட்களும் கொஞ்சம் பேர், ஆகவே நான் அதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்த மாமாவின் முகத்தை நினைத்தபோது நம்பாமல் இருக்க முடியவில்லை.

மைசூர் கிருஷ்ணகுமார் கதையைக் கேட்டிருப்பீர்கள். எழுபது வயது அம்மா சூடாரத்னாவை, அப்பா வாங்கிக்கொடுத்த பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு 2018 ஜனவரியில் கிளம்பியவர். பக்கத்திலிருக்கிற பேளூர், ஹளேபீடுகூடப் பார்த்ததில்லை என்று அம்மா சொன்ன ஒரே வார்த்தைக்காக வேலையை விட்டுவிட்டு நாட்டையே சுற்றிக் காட்டினார். நேபாளம், பூடான் வரை போய் வந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கூட்டுக் குடும்பத்து அடுக்களையில் நின்ற அம்மா அவர். எழுபதில்தான் அவருக்குக் காற்று முகத்தில் அடித்தது. இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளை வேகத்தடையைப் பாத்து ஓட்டியிருப்பான்" என்றார், மாமா காதில் விழும்படியாக.

பேச்சு அப்படித்தான் சமாதானத்துக்கு வந்தது. "எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்றியாம்மா?" என்று கேட்டார் மாமா. "நான் சொல்லலை மாமா, கண் டாக்டர் சொல்லட்டும்" என்றேன். சொன்னார். இடது கண்ணில் புரை. புரை உள்ளவர்களுக்குப் பகலில் அவ்வளவாகத் தெரியாது. இருட்டில் எதிர் வெளிச்சம் பட்டால் பஞ்சடைத்த மாதிரி எல்லாம் வெளுத்துப்போகும். அன்றைக்கு நடந்தது அதுதான். தை மாதம் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சாவி கைக்குப் போனது. கண் நீர் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அது கூடினால் பக்கவாட்டுப் பார்வை ஓசைப்படாமல் குறுகிக்கொண்டே வரும். நேரே பார்க்கிற எழுத்தெல்லாம் தெரியும், பக்கத்துச் சந்திலிருந்து வருகிற மாடு தெரியாது.

மாத்திரை டப்பாவையும் டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். சிறுநீர் அடைப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தரும் சில மாத்திரைகள் எழுந்து நின்றதும் கிறுகிறுக்க வைக்கும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, "சந்தையில டிபன் சாப்பிட்டுக்கறேன்" என்று வெறும் வயிற்றோடு கிளம்புகிறார்களே, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். வண்டிமேல் இருக்கும்போது அது வரக் கூடாது. நான் இட்லி கொடுக்காமல் விடுவதில்லை, சட்டைப்பையில் நாலு மிட்டாயும் போட்டு அனுப்புகிறேன். இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். பின்னால் நின்று கூப்பிடுங்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறாரா, உடம்பையே திருப்புகிறாரா? உடம்பைத் திருப்பினால் ரோட்டில் பின்னால் வருகிறவனைப் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். கண்ணாடி இரண்டு பக்கமும் இருந்தே ஆக வேண்டும்.

ஓய்வு பெற்ற சிலருக்கு இப்போது புல்லட் ஆசை வந்திருக்கிறது. இளமையில் வாங்க முடியாததை இப்போது வாங்குகிறார்கள். பாவம், ஆசைதானே! ஆனால் அது 190 கிலோவுக்கு மேல். ஓடும்போது கனம் தெரியாது. மணலில் நிறுத்தித் திருப்பும்போதுதான் தெரியும், காலின் மேலேயே சாயும். எங்கள் எக்ஸ்.எல். அதில் பாதிகூட வராது. கியர் கிடையாது, சக்கரமும் பெரிது. சின்னச் சக்கர ஸ்கூட்டர் குழியில் சட்டென்று மாட்டிக்கொள்ளும், பெரிய சக்கரம் ஏறி இறங்கிவிடும். மலை ரோட்டுக்காரர்கள் தெரியாமலா அதை வைத்திருக்கிறார்கள்!

உரிமத்தைத் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் திருத்திய சட்டப்படி 55 வயதுக்குமேல் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள், டாக்டர் சான்றிதழும் வேண்டும். முடிந்து ஒரு வருஷம் கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதுதான்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் சொல்கிறேன். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் புடவைக் காப்பும், பிடித்துக்கொள்ள ஒரு பிடியும், கால் வைக்க ஒரு மிதியும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. புது வண்டியில் அழகுக்காகக் கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு, சம்மதிக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். அத்தை இந்த ஒன்றுக்குத்தான் இன்னும் மசியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, பேரன். தாத்தா வண்டியில் முன்னால் நின்றுகொண்டு போவது அவனுக்கு ராஜ பதவி. ஆனால் பிரேக் போட்டால் அவன் முகம்தான் முதலில் ஹேண்டில் பாரில் இடிக்கும். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு வார்ப்பட்டையால் கட்டி, ஹெல்மெட் போட்டு, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் அழைத்துப்போக வேண்டும் என்று 2022-இல் விதி செய்திருக்கிறார்கள். என் பையனுக்கு ஐந்து முடிந்துவிட்டது, ஹெல்மெட்டோடு பின்னால் உட்கார வேண்டியவன். அடம் பிடித்தான். இப்போது நான் நடந்தே கொண்டுபோய் விடுகிறேன். தாத்தாவுக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வண்டி வெளியே போகாது, மழையில் போகாது, நெடுஞ்சாலைக்குப் பள்ளிகொண்டா பக்கம் போகவே போகாது என்று மாமா தாமே ஒப்புக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

இதற்கிடையில் அத்தைக்கு ஒரு யோசனை. அகமதாபாத்தில் மந்தாகினி ஷா என்ற 87 வயதுப் பாட்டி, பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒட்டிய பெட்டியில் தங்கையை உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டுவதை யாரோ செல்போனில் காட்டிவிட்டார்கள். அறுபதைத் தாண்டித்தான் கற்றுக்கொண்டாராம். "எனக்கு அறுபத்தொண்ணுதானே ஆவுது?" என்றார் அத்தை. நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். அந்த ரத்த மாத்திரையை நினைத்து டாக்டரிடமே கேட்டோம். காலி இடத்தில் மெதுவாக, ஹெல்மெட்டோடு ஓட்டிப் பார்க்கட்டும், ரோட்டுக்குப் போவதைப் பிறகு பேசலாம் என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் பாடம் நடக்கிறது. நேரே போகிறார், நிற்கிறார். எட்டுப் போடச் சொன்னால் பாதியில் கால் ஊன்றிவிடுகிறார். போன வாரம், "நீங்க பின்னாடி உக்காருங்களேன், தைரியமா இருக்கும்" என்று மாமாவைக் கூப்பிட்டார். மாமா வண்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, என் ஹெல்மெட் எங்கே வச்சே?" என்றார்.