சிறுநீரோடு வெளியேறும் தைராய்டு ஹார்மோன்

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கும் இடுப்புக்கு மேலே இருக்கும் சிறுநீரகத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை அத்தொடர்பு மிக முக்கியமானது. இவ்வார மன்றத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

காலையில் எழும்போது பிள்ளையின் கண் இமைகள் வீங்கியிருக்கும். பிறகு கால், வயிறு என்று வீக்கம் பரவும். சிறுநீர் நுரைத்துப் போகும். இவை நெப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயின் அறிகுறிகள். இந்நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதடைவதால், இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது.

புரதம் மட்டுமா போகிறது? தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோனில் 99 விழுக்காட்டிற்கும் மேல், இரத்தத்தில் உள்ள சில புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் உடல் முழுவதும் செல்கிறது. பேருந்து தடம் மாறினால் பயணிகளும் சேர்ந்தே போவதுபோல, புரதம் வெளியேறும்போது ஹார்மோனும் வெளியேறிவிடுகிறது. உடனே மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, தைராய்டைக் கூடுதலாக வேலை செய்ய வைக்கும். பல பிள்ளைகளுக்கு இதுவே போதும். ஆனால் புரதக் கசிவு மாதக்கணக்கில் நீடித்தால் தைராய்டு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். சோர்வு, முக வீக்கம், மலச்சிக்கல், உயரம் கூடாமை ஆகியவை தைராய்டு குறைவிலும் வரும். "எல்லாம் சிறுநீரக நோயால் வந்தது, ஸ்டீராய்டு மருந்தால் வந்தது" என்று விட்டுவிட வாய்ப்புண்டு. முதல் மூன்று வயதில் மூளை வளர்ச்சிக்குத் தைராக்ஸின் இன்றியமையாதது. பிறந்த மூன்று மாதத்திற்குள் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குத் தைராக்ஸின் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுகிறது.

"பிறந்தபோதே தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றே" என்று சில பெற்றோர் நினைக்கலாம். அது பிறவிக் குறைபாட்டைக் கண்டறியும் பரிசோதனை. பின்னாளில் ஏற்படும் இழப்பை அது காட்டாது.

அதற்காகப் பயப்படவேண்டாம். ஸ்டீராய்டு மருந்துக்கு நோய் கட்டுப்படும் பிள்ளைகளே அதிகம். கசிவு நின்றதும் தைராய்டு அளவும் பொதுவாகச் சீராகிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாமல் புரதம் தொடர்ந்து போகும் பிள்ளைகளுக்குத்தான் தைராய்டு இரத்தப் பரிசோதனை மிக அவசியம். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் டி3 அளவு மட்டும் குறைந்திருப்பதுண்டு. அதற்கெல்லாம் மாத்திரை தேவைப்படுவதில்லை. எனவே முடிவை மருத்துவரிடமே விடுங்கள்.

மாத்திரை கொடுக்கச் சொன்னால், தினமும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் கொடுங்கள். சிறுநீரக நோய்க்காகக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் தைராக்ஸினை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பாலோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கசிவு நின்றபின் மாத்திரையின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கலாம். அதையும் ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது பிள்ளையின் உயரம், எடை குறித்த பதிவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். "டாக்டர், புரதம் இன்னும் போகிறதே, தைராய்டையும் பார்க்கவேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பிள்ளையின் வளர்ச்சியைக் காப்பாற்றக்கூடும்.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.