நின்றால் அணையும் மொபெட்: காரணமும் பரிகாரமும்

உர மூட்டையையும் நெல் மூட்டையையும் வயலுக்கும் கொள்முதல் நிலையத்திற்கும் சுமந்து செல்வதில், நாகை மாவட்டத்துக் கிராமங்களில் மொபெட் பெரும் பங்கு பெற்றுள்ளது. 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல் இவ்வண்டி சிறு உழவரின் துணையாக இருந்து வருகிறது. எனினும், “ஓடும்போது நன்றாக ஓடுகிறது, ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடுகிறது” என்ற முறையீட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

இந்நிலையில் பெரும்பாலோர் ஐட்லிங் திருகை முடுக்கி வேகத்தைக் கூட்டிவிடுகின்றனர். இது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது, பெட்ரோலும் வீணாகும். மேலும், இவ்வண்டிகளில் இயந்திரத்தின் வேகம் கூடியதும் கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும். ஆதலின், வேகத்தை மிகையாகக் கூட்டினால், மூட்டையுடன் நிற்கும் வண்டி தானே நகர்ந்து விபத்து நேரக்கூடும்.

ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது, கார்புரேட்டரில் ‘ஸ்லோ ஜெட்’ என்னும் மிக நுண்ணிய துளை வழியாகவே பெட்ரோல் வருகிறது. வண்டி பல நாள் நின்றால் பெட்ரோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் அத்துளையை அடைத்துவிடும். தற்போது பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் டாங்கியினுள் நீர் புகுந்தால், அது எத்தனாலுடன் பிரிந்து அடியில் தங்கும்.

ஆகவே, திருகைத் தொடுமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

1. பெட்ரோல் தடையின்றி வருகிறதா, டாங்கி மூடியின் காற்றுத்துளை திறந்துள்ளதா என்று பார்க்கவும்.

2. காற்று வடிகட்டியில் படிந்த புழுதியை நீக்கவும்.

3. பிளக்கைக் கழற்றி நோக்கவும். கரி படிந்து ஈரமாயிருந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் காற்று மிகை எனக் கொள்ளலாம்.

4. மிதவை அறையிலுள்ள பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடிக்கவும். அடியில் நீர் தங்கினால் டாங்கியையும் சுத்தம் செய்தல் வேண்டும்.

5. ஸ்லோ ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பினால் காற்றடிக்கவும். கம்பியோ ஊசியோ நுழைத்தல் கூடாது. பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

6. கார்புரேட்டர் இயந்திரத்துடன் சேரும் இடத்தில் கேஸ்கெட் கிழிந்து காற்று புகுகிறதா என்று பார்க்கவும்.

இப்பணிகளை இயந்திரம் ஆறிய பின், திறந்த வெளியில் செய்தல் வேண்டும். அருகில் பீடியோ விளக்கோ இருத்தலாகாது.

இவற்றின் பின்னரே திருகுகளைச் சரிசெய்தல் தகும். சிறிது தூரம் ஓட்டி இயந்திரத்தைச் சூடாக்கிக்கொள்க. காற்றுத் திருகை மெல்லத் திருப்பி, இயந்திரம் சீராகவும் விரைவாகவும் ஓடும் நிலையில் நிறுத்துக. பின்னர் ஐட்லிங் திருகைத் தளர்த்தி, இயந்திரம் அணையாமலும் வண்டி தானே நகராமலும் இருக்கும் அளவில் விடுக. வண்டியைப் பல நாள் நிறுத்தி வைக்குமுன், பெட்ரோல் குழாயை மூடி, இயந்திரம் தானே அணையும் வரை ஓடவிடுவது நன்று.

2020-ஆம் ஆண்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய அமைப்புடன் எக்ஸ்.எல். 100 வெளிவந்தது. அதில் கார்புரேட்டர் இல்லையாதலால் மேற்கூறிய முறை பொருந்தாது; பயிற்சி பெற்ற மெக்கானிக்கையே நாட வேண்டும்.

குறுவைப் பணி தொடங்குமுன், ஊராட்சி உறுப்பினர்கள் உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, அரை நாள் செயல்விளக்கம் நடத்தலாம். நடவு நாளில் வண்டி வழியில் நின்றால், இழப்பு மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை. வயலில் காத்திருக்கும் ஆட்களின் கூலியும் அதில் சேரும் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.