மருதம்பட்டையும் நெஞ்சுவலியும்

ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுபவருக்கோ வயலுக்குப் போகிறவருக்கோ மேடு ஏறினால் நெஞ்சை அழுத்தும், உட்கார்ந்தால் விட்டுவிடும். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறியாக இது இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் "மருதம்பட்டைக் கஷாயம் குடி" என்பார்கள். அதற்கு ஆதாரம் உண்டா? கொஞ்சம் உண்டு.

இந்தூரில் இத்தகைய வலியுள்ள 58 ஆண்களிடம் செய்த ஆய்வு 2002-ல் இந்திய இதய மருத்துவ இதழில் வெளியானது. ஒரு வாரம் மருதம்பட்டைச் சாறு, 500 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இன்னொரு வாரம் இந்த வலிக்கு டாக்டர்கள் தரும் ஐசோசார்பைடு மாத்திரை. மற்றொரு வாரம் மருந்தே இல்லாத போலி மாத்திரை. எது எந்த வாரம் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. போலி மாத்திரையைவிட மருதம்பட்டை எடுத்தபோது வலி குறைவாக வந்தது. டிரெட்மில்லில் கூடுதல் நேரம் நடக்க முடிந்தது. நம் ஆற்றங்கரை மருத மரத்துக்கு இது பெருமைதான்.

ஆனால் பட்டை கொடுத்தது ஒரே வாரம்தான், ஆய்வில் பெண்கள் யாரும் இல்லை. அடைப்பு கரைந்ததாகவோ மாரடைப்பு தடுக்கப்பட்டதாகவோ அந்த ஆய்வு காட்டவில்லை. ஆகவே டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். பட்டை சாப்பிடுவதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். உட்கார்ந்த பிறகும் வலி விடாமல் வியர்த்துக் கொட்டினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.