வக்கீல் இல்லாமல் ஒரு திவால் மனு

கடன் வாசல் – 9

கடனைக் கட்டக் கையில் காசில்லை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்யப் போகிறவரிடம் வக்கீல் முதலில் கேட்பது முன்பணம். அமெரிக்காவில் இதை வக்கீல்களின் பேராசை என்று சொல்லிவிட முடியாது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ‘சாப்டர் 7’ திவால் மனு போடும் நாளில் வக்கீலுக்குப் பாக்கி இருந்தால், கிரெடிட் கார்டு பாக்கியோடு சேர்ந்து அதுவும் ரத்தாகிவிடும். மனு போட்ட பிறகு கடனாளியின் சொத்திலிருந்து அவருடைய வக்கீலுக்குக் கூலி கொடுக்க முடியாது என்று 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் பொதுவாக மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே எண்ணி வைத்தாக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அது ஆயிரம் டாலரைத் தாண்டும். ‘அந்தப் பணம் இருந்தால் வாடகை கட்டியிருப்பேனே’ என்கிறவர்கள்தான் தாங்களே மனு போடத் துணிகிறார்கள்.

சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. கம்பெனிக்கு வக்கீல் கட்டாயம், தனிமனிதருக்கு இல்லை. குடியுரிமையும் தேவையில்லை. அமெரிக்காவில் வசித்தால் போதும். எச்-1பி விசாவில் வந்தவரும் போடலாம். நீதிமன்றங்கள் மட்டும் எச்சரிக்கின்றன: வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது, எங்கள் ஊழியர்கள் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள் என்று. மூன்று முதல் ஐந்து வருடம் தவணை கட்டும் ‘சாப்டர் 13’ வழியில் வக்கீல் இல்லாமல் இறங்கிக் கரை சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. எனவே இந்த வாரம் பேசப்போவது சாப்டர் 7 பற்றி மட்டும்: விலக்குப் பெறாத சொத்தை, வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டியிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சக் கடனிலிருந்து விடுதலை பெறும் வழி.

படிவத்தில் கை வைப்பதற்கு முன் கடன் கணக்கு முழுமையாக வேண்டும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் எல்லாக் கடனும் இருக்காது. ஆஸ்பத்திரி பில், பழைய வீட்டு வாடகை பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று இவையெல்லாம் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. வங்கி தன் கடனை வசூல் கம்பெனிக்கு விற்றிருந்தால் இரண்டு பெயரையும் எழுதுவதுதான் பாதுகாப்பு. கைமாற்றுக் கொடுத்த நண்பரை மட்டும் பட்டியலில் விட்டுவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. கூடாது. எல்லாக் கடனையும் எழுதுவதாகத்தான் மனுதாரர் உறுதியளிக்கிறார். வழக்கு முடிந்த பிறகு அந்த நண்பருக்கு மனமுவந்து பணத்தைத் திருப்பிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. நட்பைக் காப்பாற்ற அதுதான் நேரான வழி.

எல்லாக் கடனும் தீர்ந்துவிடாது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், அண்மைக் கால வருமான வரி, மோசடியால் வந்த கடன், குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தியதற்கான இழப்பீடு ஆகியவை அப்படியே நிற்கும். கல்விக் கடனை ரத்து செய்ய, தாங்க முடியாத கஷ்டம் என்று தனி வழக்கில் நிரூபிக்க வேண்டும். கடன் முழுக்க இந்த வகையாகவே இருப்பவருக்குச் சாப்டர் 7 பெரிதாக உதவாது.

அடுத்தது வருமானச் சோதனை. 2005-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களின் வருமானத்தைக் கூட்டி, ஆண்டுக் கணக்காக்கி, அந்த மாநிலத்தில் அதே அளவுக் குடும்பத்தின் நடுத்தர வருமானத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் தடையில்லை. மேலே இருந்தால் நீண்ட இரண்டாம் படிவம். இங்கே தேதி மிக முக்கியம். அக்டோபர் கடைசியில் வேலை போனவர் டிசம்பரில் மனு போட்டால், ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதச் சம்பளம் கணக்கில் ஏறும். மார்ச்சில் போட்டால் ஏறுவது இரண்டு மாதச் சம்பளம் மட்டும். ஒரே மனிதர், ஒரே கடன். முதல் தேதியில் தடுக்கப்படக் கூடியவர் இரண்டாவது தேதியில் உள்ளே போய்விடலாம். வீட்டை ஜப்தி செய்யும் நெருக்கடியோ, சம்பளத்தில் பிடித்தமோ இல்லையென்றால் காத்திருப்பது தவறே இல்லை.

அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றில் கடன் ஆலோசனை வகுப்பை மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். போனிலோ இணையத்திலோ முடிந்துவிடும். இதை முடிக்காமல் மனு போட்டு, அந்த ஒரு காரணத்துக்காகவே வழக்கைப் பறிகொடுப்பவர்கள் உண்டு.

இனி மனுவின் இதயமான ஏ/பி அட்டவணைக்கு வருவோம். சொத்துப் பட்டியல் என்றதும் வீடு, கார் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது விடாது. கட்டில், மேசை, பாத்திரம் ஒரு வரியில். டி.வி., போன், கம்ப்யூட்டர் இன்னொரு வரியில். விளையாட்டுச் சாமான், துப்பாக்கி, துணிமணி, நகை, வளர்ப்பு நாய் வரை தனித்தனியே கேட்கும். மனு போடும் நாளில் பர்ஸில் இருக்கும் பணம் எவ்வளவு, வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, வரவேண்டிய வரி ரீஃபண்ட் எவ்வளவு, யார் மீதாவது நஷ்டஈடு கேட்க உரிமை இருக்கிறதா என்றெல்லாம் கேள்விகள் நீளும். பழைய சோபாவுக்குக் கடையில் கொடுத்த விலையை எழுத வேண்டியதில்லை. இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு. எழுதியதையெல்லாம் பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயமும் வேண்டாம். எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று கோருவதற்குத்தான் அடுத்த அட்டவணையான சி இருக்கிறது. ஏ/பி-யில் எழுதாததற்குச் சி-யில் விலக்குக் கோர முடியாது.

கோவைப் பக்கம் அப்பா எழுதி வைத்த ஐந்து சென்ட் மனை, நாகர்கோவிலில் அண்ணன் தம்பிகளோடு பிரிக்காத பூர்வீக வீடு, சென்னை வங்கியில் என்.ஆர்.ஓ. டெபாசிட். இவை அமெரிக்க நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கும் தமிழர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கடனாளியின் சொத்து உலகில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் திவால் சொத்தில் சேரும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. மனு போட்ட 180 நாட்களுக்குள் பெற்றோர் காலமாகி வாரிசுரிமையாகப் பங்கு வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். நகை விஷயம் இன்னும் நுட்பமானது. நியூஜெர்சிவாசிகள் மத்திய அரசின் விலக்குப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் நகைக்கென்று இருக்கும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 2,125 டாலர். சில பவுனிலேயே அது தீர்ந்துவிடும். எதற்கும் பயன்படுத்தக்கூடிய பொது விலக்கு வேறு இருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். கணவர் மட்டும் மனு போட்டால், நியூஜெர்சியில் மனைவியின் சொந்த நகை அதில் வராது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சேர்த்தது பொதுவாக இருவருக்கும் உரிய சொத்து. கணவர் தனியாகப் போட்டாலும் உள்ளே வந்துவிடும். ஊரில் நிலமோ கணிசமான நகையோ இருப்பவர் தானே மனு போடக் கூடாது என்பது இந்தத் தொடரின் உறுதியான கருத்து. ஒரே ஒரு முறையாவது வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

சொந்தக்காரர் கடன் இன்னொரு பொறி. கார்டு கம்பெனிக்குக் கட்டாமல் மச்சானிடம் வாங்கிய ஐயாயிரம் டாலரை முதலில் திருப்பிக் கொடுப்பது நமக்கு மரியாதை. சட்டம் அதை வேறு மாதிரிப் பார்க்கிறது. மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் உறவினருக்குக் கொடுத்த கடன் பணத்தை அந்த உறவினரிடமிருந்தே திரும்ப வாங்க டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டு. மற்றவர்களுக்கு இந்தக் கெடு 90 நாள். வீட்டையோ காரையோ தம்பி பெயருக்குச் சும்மா மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டு வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். மாநிலச் சட்டத்தின் வழியே அதற்கு முன்பும் போகலாம்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஹசியெண்டா ஹைட்ஸில் நடந்த வழக்கே போதும். 2004-ல் ஒருவர் சாப்டர் 7 மனு போட்டார். வீட்டின் மதிப்பு 3,63,348 டாலர் என்று எழுதினார். அதன் மேல் இரண்டு அடமானம் காட்டினார். இரண்டையும், சட்டப்படியான 75,000 டாலர் வீட்டு விலக்கையும் கழித்தால் மற்ற கடன்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது அடமானம் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. டிரஸ்டி விசாரித்தபோது, அந்தப் பெயருடைய கலிபோர்னியாப் பெண் தனக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்றார். உடனே அதே பெயரில் சீனாவிலிருந்து இன்னொருவர் வழக்காடத் தொடங்கினார். மனு மேல் மனுவாக வருடக்கணக்கில் நீண்ட அந்தச் சண்டையில் டிரஸ்டி தரப்பு வக்கீல் செலவே ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. கடைசியில் 2009-ல் நீதிமன்றம் அந்தக் கடனே கற்பனை என்று முடிவு செய்தது. தண்டனையாக 75,000 டாலர் விலக்கைப் பறித்தது செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் கடன் விடுதலையை மறுப்பதற்கும் குற்ற வழக்குப் போடுவதற்கும் வழி இருக்கிறது என்று அதே தீர்ப்பு நினைவூட்டியது. திவால் வழக்கில் சொத்தை மறைத்தால் ஐந்து வருடம் வரை சிறை. படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மறைத்தால் சிறை என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும்.

நேர்மையானவர்கள் செய்யும் தவறு வேறு விதம். மனு போடும் முன் எப்படியாவது கடனைக் குறைத்துப் பார்ப்போம் என்று 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துக் கார்டு பாக்கி கட்டுகிறார்கள். அந்தச் சேமிப்பைத் திவால் வழக்கில் கடன்காரர்கள் தொட முடியாது. எப்படியும் ரத்தாகப் போகும் கடனுக்காக, யாராலும் பறிக்க முடியாத பணத்தை இழப்பதைவிட வருத்தமானது எதுவும் இல்லை.

வக்கீல் வேண்டாம் என்றால் துணையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மனு எழுதித் தரும் தட்டச்சுச் சேவைக்காரர்கள் உண்டு. மனுதாரர் சொன்னதை அவர்கள் நிரப்பலாமே தவிர, எந்தச் சாப்டர், எந்த விலக்கு என்று ஆலோசனை சொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை. தங்கள் பெயரையும் படிவத்தில் போட்டாக வேண்டும். பெயர் போட மறுப்பவரிடம் காசு கொடுக்கக் கூடாது. ஹார்வர்டில் படித்த ரோஹன் பவுலூரியும் அவருடைய கூட்டாளிகளும் 2016-ல் தொடங்கிய ‘அப்சால்வ்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு, எளிமையான சாப்டர் 7 வழக்குகளுக்கான படிவங்களைக் கேள்வி பதிலாகவே நிரப்ப இலவசமாக உதவுகிறது. சிக்கலான வழக்கென்றால் வக்கீலிடம் போகச் சொல்லிவிடும்.

கோர்ட்டுக் கட்டணம் 338 டாலர். நான்கு தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். வருமானம் வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குக் கீழே இருந்தால் தள்ளுபடியே கேட்கலாம். கவுன்ட்டரில் மனுதாரரின் சொந்த செக்கையோ கிரெடிட் கார்டையோ பொதுவாக வாங்க மாட்டார்கள். மணி ஆர்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மனு பதிவான கணத்திலேயே தானியங்கித் தடை அமலுக்கு வருகிறது. வசூல் போன், சம்பளப் பிடித்தம், கடன் வழக்கு பெரும்பாலும் எல்லாம் நின்றாக வேண்டும்.

நம்மூரில் மஞ்சள் நோட்டீஸ் என்றால் இன்னும் தெருவே பேசும். சென்னை நகருக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ம் ஆண்டுச் சட்டம் என்று காலனிக் காலத்து ஏற்பாடே தொடர்கிறது. 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சாதாரணச் சம்பளக்காரருக்கு அமெரிக்காவில் இருப்பது போல அச்சடித்த படிவமும் நாட்கணக்கும் கொண்ட ஒரு வாசலை நம் நாடு இன்னும் திறக்கவில்லை. திறக்க வேண்டும்.

மீண்டும் அமெரிக்க மனுவுக்கு வருவோம். மனு போட்ட 21 முதல் 40 நாட்களுக்குள் ‘341 கூட்டம்’ நடக்கும். இப்போது பெரும்பாலும் ஜூமில். நீதிபதி வர மாட்டார். வரக் கூடாது என்பதே சட்டம். சத்தியப் பிரமாணம், அடையாள அட்டை, பிறகு டிரஸ்டியின் கேள்விகள்: படிவத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா? எல்லாச் சொத்தும் எழுதினீர்களா? யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்தீர்களா? எளிய வழக்கில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடைசி வருட வரிக் கணக்கு, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாவது டிரஸ்டியிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். நம் பெற்றோர் தலைமுறையினர் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாரும் ஆட்சேபிக்காவிட்டால், கூட்டத்துக்குக் குறித்த முதல் தேதியிலிருந்து அறுபது நாள் கழிந்ததும் விடுதலை உத்தரவு வரும். அதற்கு முன் இரண்டாவது வகுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது: வரவு செலவு நிர்வாகம் பற்றியது. கூட்டம் முடிந்த நிம்மதியில் இதை மறந்துவிடுபவர்களின் வழக்கை, விடுதலை உத்தரவு கொடுக்காமலேயே மூடிவிடுகிறார்கள். மறுபடி திறக்க மறுபடி கட்டணம். மனு போடத் தயாராகும் வாசகர்கள் வழக்கு எண் கைக்கு வந்த வாரத்திலேயே இந்த வகுப்பை முடித்து, சான்றிதழைக் கோர்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: வீட்டைக் காப்பாற்றும் சாப்டர் 13)