உருளைக்கிழங்கு வெந்த தமிழ் மணி

நியூசிலாந்தின் வடபகுதியில், 1836ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலென்சோ என்னும் கிறிஸ்தவ ஊழியர் ஒரு விந்தையைக் கண்டார். மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவித்த பாத்திரம், விளிம்புடைந்த ஒரு வெண்கல மணி! காற்றில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் அது கிடைத்ததாம். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை அவர் பெற்றுக்கொண்டார்.

மணியைச் சுற்றியிருந்த எழுத்துக்கள் தமிழ் என்பது பின்னரே தெரியவந்தது. 'முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி' என்பது அவற்றின் பொருள்.

கப்பலே அங்கு சென்றதா, மணி மட்டும் கைமாறிச் சென்றதா? விடை கிடைக்கவில்லை. தமிழர் அன்றே அங்கு குடியேறினர் என்று பெருமை பேச இச்சான்று போதாது. ஆயினும், தமிழில் பொறித்த ஒரு வரியால் அக்கப்பற்காரரின் பெயர் அழியாமல் நிற்கிறது. மணி இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.