மருத்துவக் கப்பலில் மூன்று மாதம்

"கப்பலில் பிஸியோதெரபிஸ்டுக்கு என்ன ஐயா வேலை?" என்று நம் சங்கக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் கேட்டார். "அலையில் ஆடி ஆடி மாலுமிகளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது" என்று இன்னொருவர் ஒத்து ஊதினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மலராசிரியர், "கேள்விக்கு விடையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். அதன் விளைவே இக்கட்டுரை.

போர்க்காலத்தில் காயம்பட்டவர்களுக்காக மருத்துவக் கப்பல்கள் ஓடியதை நாம் படித்திருக்கிறோம். சமாதான காலத்தில், வைத்திய வசதி குறைந்த நாடுகளின் துறைமுகங்களை நாடிச் செல்லும் கப்பல்களும் உண்டு. அமெரிக்காவின் 'ஹோப்' என்ற கப்பல் 1960-இல் இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டது; 1968-இல் இலங்கைக்கும் வந்தது. 'மெர்ஸி ஷிப்ஸ்' என்ற தரும ஸ்தாபனம் 1978-இல் தொடங்கியது. அதன் முதல் கப்பலான 'அனஸ்தாஸிஸ்', பூர்வாசிரமத்தில் 'விக்டோரியா' என்ற இத்தாலியப் பயணக் கப்பல். பம்பாய் வழியாகக் கீழ்த்திசைக்குப் போய்வந்த கப்பல் அது. நம் பெரியவர்களில் சிலர் அதில் ஏறியிருந்தாலும் வியப்பில்லை.

நான் பணி செய்தது அதே ஸ்தாபனத்தின் 'ஆப்பிரிக்கா மெர்ஸி'யில். 1980-இல் டென்மார்க்கில் கட்டப்பட்டபோது அது ரயில் பெட்டிகளையே வயிற்றில் ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டும் படகாக இருந்தது. பெட்டிகள் நின்ற தளத்தை மருத்துவமனையாக மாற்றி, 2007-இல் பணிக்கு விட்டார்கள். ஐந்து ஆபரேஷன் அரங்குகள், சுமார் எண்பது படுக்கைகள். காப்டன் முதல் சமையற்காரர் வரை ஏறக்குறைய நானூறு பேர், பல தேசத்தார், எல்லோரும் தொண்டர்களே. சம்பளம் கிடையாது. அது மட்டுமன்று, அறைக்கும் சாப்பாட்டுக்கும் அப்போது நாமே மாதந்தோறும் பணம் கட்டவேண்டியிருந்தது. இதைக் கேட்ட என் தாயார், "காசு கொடுத்து வேலைக்குப் போகிறவனை இன்றைக்குத்தானடா பார்க்கிறேன்" என்றார்.

நான் போனதற்குக் காரணம் பரோபகார சிந்தை மட்டும் என்று சொன்னால் அது பொய். பயிற்சிக்காலத்தில், பெயர் வேண்டாத ஒரு மருத்துவமனையில், தீப்பட்டுக் கை மடங்கிப்போன ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து நிமிர்த்தி அனுப்பினோம். பயிற்சிகளை அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஓராண்டு கழித்து வந்தாள். கை பழையபடியே மடங்கியிருந்தது. தாள் பத்திரமாக இருந்தது. அன்று முதல் தீப்புண் தழும்பு என்றால் எனக்கு ஒரு பகை.

அந்தப் பகைவனைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆழமாக வெந்த புண் ஆறும்போது, அதன் விளிம்புகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் ஒருவகை உயிரணுக்கள் அங்கே பெருகுகின்றன. புண்ணை மூடுவதற்கு இயற்கை செய்யும் உபாயம் அது. ஆனால் அக்குளிலோ முழங்கையிலோ கழுத்திலோ புண் இருந்தால், அந்த இழுப்பு மூட்டையே கட்டிப்போட்டுவிடும். வலிக்குப் பயந்து குழந்தை கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். எந்த நிலை இதமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே உறுப்பு இறுகிவிடுகிறது! சர்ஜன் தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுவார். அது சில மணி நேர வேலை. ஒட்டிய தோலுக்குள் புதிய இரத்த நாளங்கள் ஊடுருவ ஐந்து முதல் ஏழு நாள் வரை அசையாமல் வைத்திருக்கவேண்டும். அப்புறம் எங்கள் வேலை தொடங்குகிறது. தழும்பு ஓராண்டுக்கு மேலும் சுருங்கப் பார்க்கும். அத்தனை காலமும் அதை எதிர்த்து நீட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கப்பலோ ஒரு துறைமுகத்தில் சுமார் பத்து மாதம் நிற்கும். நான் இருந்தது மூன்றே மாதம். கணக்கு எங்கே உதைக்கிறது என்பதை அன்பர்கள் கண்டுகொள்ளலாம்.

2016-இன் முற்பகுதி. மடகாஸ்கர் தீவின் கீழ்க்கரையில் உள்ள தோமசினா துறைமுகத்தில் கப்பல் நின்றது. அந்நாட்டாரும் நம்மைப்போலவே சோற்றுப் பிரியர்கள். மூன்று வேளையும் சோறுதான். சாப்பாடு முடிந்ததும் பானையின் அடியில் தீய்ந்த பருக்கையோடு நீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். வடநாட்டு விடுதியில் ரொட்டியோடு மல்லாடும் நம் மாணவர்கள் அந்த ஊரில் சுகமாக வாழலாம்!

அடுப்பும் தரையில்தான். எனவே குழந்தைகள் தீயில் விழுவதும் அதிகம்.

நான் சொல்லவந்த சிறுமிக்குப் பத்து வயதிருக்கும். வலது அக்குள் விலாவோடு ஒட்டிப்போயிருந்தது. கோணமானி வைத்து அளந்தேன். கை 40 பாகைக்கு மேல் உயரவில்லை. கூட வந்தவள் பாட்டி. நோயாளியின் கட்டிலுக்கு அடியிலேயே துணைக்கு வந்தவருக்கு மெத்தை விரிப்பது அக்கப்பலின் வழக்கம். கிழவி அங்கே படுத்துக்கொண்டு இரவெல்லாம் மேலே கையை நீட்டிப் பேத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வெந்நீரில் போட்டால் அப்பளம்போல் துவளும் பிளாஸ்டிக் தகடு ஒன்றுண்டு. அதை உடம்பின்மேல் வைத்து வளைத்தால் சில நிமிஷங்களில் அப்படியே கெட்டிப்பட்டுவிடும். அதைக் கொண்டு, கை விமான இறக்கைபோல் விரிந்து நிற்க ஒரு தாங்கி செய்தேன். துறைமேடையில் போட்டிருந்த கூடாரத்தில் தினமும் பயிற்சி. பிற்பகலில் மேல்தளத்துக்கு அழைத்துப்போய்ப் பந்து எறியச் சொல்வேன். நான் சற்று அவசரக்காரன். என் மொழிபெயர்ப்பாளன், அவ்வூர்க் கல்லூரி மாணவன், "மூரமூர, மூரமூர" என்று தடுப்பான். 'மெல்ல மெல்ல' என்று பொருள். மூன்றாம் வாரத்தில் 120 பாகை வந்தது. நான் பூரித்துப்போனேன். கரையில் உள்ள தங்குவிடுதிக்கு அவர்களை அனுப்பிவைத்தோம்.

பத்து நாளில் திரும்பி வந்தார்கள். 95 பாகை.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் கிழவியோடு நெடுநேரம் பேசிவிட்டு வந்து சொன்னான். தாங்கியைக் கட்டினால் பேத்தி தன்னோடு ஒட்டிப் படுக்க முடியவில்லையாம்; அழுகிறாளாம்; அதனால் இரவில் கழற்றிவிடுகிறாளாம். பயிற்சிப் படங்கள் வரைந்த தாளை மடித்து இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். என் பழைய தாளேதான், வேறு தேசத்தில்! குற்றம் அவளுடையதன்று. அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்று தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "பாட்டி, வீட்டில் இவள் என்னென்ன வேலை செய்வாள்?" என்று கேட்கச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவருவாள், தம்பியைத் தூக்குவாள். நெல் குத்த மட்டும் முடியாது, கை எழாதே என்றாள். நெல் குத்துவதா! எங்கள் ஊரில் என் பாட்டி உலக்கை போட்டது நினைவுக்கு வந்தது. இரு கையும் தலைக்குமேல் போகவேண்டும். நல்ல கை நலிந்த கையை இழுத்துக்கொண்டு போகும். தாளத்துக்குத் தப்பாமல் நூறு தடவை. எந்தப் பாடப்புத்தகத்துப் பயிற்சி இதற்கு ஈடு? கூடாரத்தில் இருந்த மூங்கில் கழியைக் கொடுத்தேன். கிழவி எதிரே நின்று வெறுங்கையால் உலக்கை போட, பேத்தி கழியால் போட்டாள். முதல் நாள் இருபது குத்து. உலக்கையின் கனத்தைத் தோல் தாங்கும் காலத்தை நாங்கள் சொல்வோம், அதுவரை கழிதான் என்று கண்டிப்பாகச் சொன்னோம். இரவுக்குத் தாங்கிக்குப் பதிலாக, கந்தைத் துணியைச் சுருட்டி ஆப்பு வடிவில் அக்குளில் இடுக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்தேன். அது இருந்தாலும் பாட்டியின் பக்கத்தில் படுக்கலாம். பிளாஸ்டிக் உடைந்தால் அவ்வூரில் வாங்க வழியில்லை. கந்தைக்கு எங்கே பஞ்சம்? தழும்பை எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்ப்பதைக் கிழவிக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் கை என் கையைவிட நன்றாக இருந்தது.

மற்ற வேலைகளும் உண்டு. வளைந்த கால்களை நிமிர்த்திய சிறுவர்களுக்கு நடை பழக்குவது, உட்புறம் திரும்பிய பாதத்தோடு பிறந்த சிசுக்களுக்கு வாரம் ஒரு மாவுக்கட்டாகப் போட்டுப் படிப்படியாகத் திருத்துவது, முதலியன. உள்ளூர் பிஸியோதெரபிஸ்டுகள் எங்களோடு நின்று பணி செய்தார்கள். நாங்கள் போனபின் நோயாளிகளைப் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தான். கடைசி வாரங்களில் நான் எதையும் என் கையால் செய்யாமல், அவர்களும் பாட்டிமார்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்பது இத்தனை கடினம் என்று முன்பு தெரியாது.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. படிப்பு முடிந்த கையோடு புறப்படவேண்டாம். சில ஆண்டு தனித்து நோயாளிகளைப் பார்த்த அனுபவம் வேண்டும். மருத்துவமனைக்கென்றே புதிதாகக் கட்டிய, ஆறு ஆபரேஷன் அரங்குகள் கொண்ட 'குளோபல் மெர்ஸி' என்ற பெரிய கப்பலும் பின்னர் சேர்ந்திருக்கிறது. எனவே ஆள் தேவைக்குக் குறைவில்லை. பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் நலம்.

நான் விடைபெறும்போது சிறுமியின் கை 115 பாகை. அவ்வாண்டின் நடுவில் கப்பலும் அத்தீவை விட்டுப் புறப்பட்டது. மறு ஆண்டு மொழிபெயர்ப்பாளன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். குடிசை வாசல், உரல், உலக்கையை ஓங்கியபடி அவள். முகம் சரியாக விழவில்லை. நான் மேஜையிலிருந்து கோணமானியை எடுத்துப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். படத்தில் அளப்பது சரியான அளவாகாது. இருந்தாலும் 140 இருக்கும். இடக்கையைவிட வலக்கை இன்னும் சற்றுத் தாழ்ந்துதான் இருந்தது.